பேஸ்டில் ஒட்டிய மணல்

அன்புள்ள பாண்டீஸ்வரிக்கு,

நான் நலம். உன் இடுப்பு வலி தேவலையா? அப்பா அம்மாவுக்கு என் வணக்கத்தைச் சொல். போன் செய்தால் அம்மா ஸ்பீக்கரில் போட்டுவிடுகிறார்கள். அதனால்தான் எழுதுகிறேன்.

பயப்படாதே, சின்ன விஷயம்தான். போன வாரம் ஒரு தண்ணீர் லாரியின் பின்னச்சில் ஆயில் மாற்றினேன். அச்சின் நடுவில் இருக்கும் டிஃப்ரன்ஷியல் கவரைத் துடைத்து, விளிம்பில் கசிவை அடைக்கும் பேஸ்ட் பூசி, உசிலம்பட்டியில் செய்வதுபோலவே சற்றுக் காயட்டும் என்று வெளியில் வைத்தேன். பிறகு மாட்டி ஆயில் ஊற்றினேன். சிறுசேரி போவதற்குள் ஒழுகி, லாரி திரும்பி வந்துவிட்டது.

ஒர்க்‌ஷாப் ஓனர் ஜெயினுலாபுதீன் பாய் கவரைக் கழற்றித் தடவிப் பார்த்தார். பேஸ்ட் முழுக்க மணல்.

"இன்னா மாயழகு, இது நெம்மேலிபா! கடல் காத்து அடிச்சிகினே கீது. ஒரு துணியக் கட்டி மறைக்க மாட்டியா?"

வேலை போய்விட்டது என்றே நினைத்தேன். "நாஸ்தா துன்னுட்டு வந்து திரும்பப் பூசு" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

என் போர்வையைக் கட்டி மறைத்துக்கொண்டு பூசினேன். இப்போது ஒரு சொட்டுக் கசிவில்லை. போர்வைதான் ஒர்க்‌ஷாப்போடு போய்விட்டது.

எனக்குப் போர்த்திக்கொள்ள உன் பழைய நூல் சேலை ஒன்று அனுப்பு. வீட்டில் கட்டுவாயே, அந்தப் பச்சை போதும். அம்மா கேட்டால், லாரிக்கு மறைப்புக் கட்ட என்று சொல்லிவிடு.

வண்டிக்காரன் வந்து ஹாரன் அடிக்கிறான். சேலையைத் துவைக்காமல் அனுப்பு.

மாயழகு