கொஞ்சந்தானுங்க வலி

அண்ணா,

இன்று காலை கடைக்கு வந்த ஓர் அம்மாவிடம் தைல வாசம் அடித்தது. நீங்கள் இடுப்பில் அப்பிக்கொண்டு வருவீர்களே, அதே வாசம். என் கை அப்படியே நின்றுவிட்டது.

வால்பாறை மலைப்பாதையில் பஸ் ஓட்டி ஓய்ந்து, எங்கள் போத்தனூர் தெருவுக்குக் குடிவந்த நாளிலிருந்து நான் உங்களுக்கு அம்மணி. என் மருந்துக்கடை பெஞ்சில் உட்கார்ந்து பேப்பர் படிக்காமல் உங்களுக்குப் பொழுது போகாது. புற்றுநோய் முதுகெலும்பைப் பிடித்த பிறகும் வந்தீர்கள். வலி எப்படி என்று டாக்டர் கேட்டால், "கொஞ்சந்தானுங்க" என்பீர்களாம். அவ்வளவு படித்தவரிடம் போய்ப் புலம்புவது மரியாதையா என்று என்னிடம் சொல்லிச் சிரித்தீர்கள். அவரும் அந்தக் கொஞ்சத்துக்குத் தக்கபடிதான் மாத்திரை எழுதினார்.

அதே மாத்திரையைப் போதைக்கும் தேடுகிறார்கள். தேய்த்த சட்டை போட்ட ஒருவன் துடித்த துடிப்பை நம்பி, போலிச் சீட்டுக்கு மருந்து கொடுத்துவிட்டு, மருந்து ஆய்வாளர் முன்னால் கைகட்டி நின்றவள் நான். லைசென்ஸ் தப்பியதே பெரிது. அதன்பின் யார் முகத்தையும் பார்ப்பதில்லை. பதிவேட்டைத்தான் பார்ப்பேன்.

பத்து நாள் மாத்திரையை ஏழே நாளில் முடித்துவிட்டு நீங்கள் வந்து நின்றபோதும் அதைத்தான் பார்த்தேன். மூன்று நாள் கழித்துத்தான் தர முடியும் என்றேன்.

"பரவால்லீங்க அம்மணி, கொஞ்சந்தானுங்க வலி. உங்களுக்கு எதுக்கு வம்பு?"

அன்று பெஞ்சில் உட்காராமலே போனீர்கள். உட்கார முடியவில்லை என்பது என் மரமண்டைக்கு எட்டவில்லை. சீட்டில் டாக்டரின் போன் நம்பர் இருந்தது.

மூன்றாம் நாள் மாத்திரையை நானே எடுத்துக்கொண்டு உங்கள் வீட்டுக்கு வந்தேன். வாசலில் மாலைகளோடு ஆட்கள் நின்றார்கள். அண்ணி என் கையைப் பிடித்துக்கொண்டு, "பொரளக்கூட முடியாம தலகாணியக் கடிச்சுட்டுக் கெடந்தாருங்க. உங்களத் தொந்தரவு பண்ண வேண்டாம்னு சொல்லிப்போட்டாருங்க" என்றார். அவர் என்னைத் திட்டியிருக்கலாம். இன்றுவரை திட்டவில்லை. எனக்கு அதுதான் தாங்கவில்லை, அண்ணா.

காலையில் வந்த அம்மாவுக்கும் மாத்திரை முன்னாலேயே தீர்ந்துவிட்டது. கேட்டால், கொஞ்சம் வலிங்க என்றார். கடைசியாக எப்போது தூங்கினீர்கள் என்று கேட்டேன். அழுதுவிட்டார். உங்கள் பெஞ்சில் உட்காரவைத்துவிட்டு, சீட்டில் இருந்த நம்பருக்குப் போன் போட்டேன். உடனே ஆஸ்பத்திரிக்கு அனுப்புங்கள், அளவைக் கூட்டிப் புதுச் சீட்டு எழுதித் தருகிறேன் என்றார் டாக்டர்.

ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை, அண்ணா.