“நானே” என்று நீ சொன்ன காலை

என் டிரைவிங் லைசென்ஸ் இந்த மாதத்தோடு காலாவதியாகிறது. புதுப்பிக்கக் கொடுக்க வேண்டுமே என்று காலையில் அதைத் தேடி எடுத்தேன். அதிலிருக்கும் என் முகம் லைசென்ஸ் வாங்கப் போனவள் முகம் மாதிரி இல்லை. எதையோ திருடிவிட்டு மாட்டிக்கொண்டவள் மாதிரி இருக்கிறது. படம் எடுத்தபோது நீ பக்கத்தில் நின்று, “கொஞ்சம் சிரி. அப்புறம் இருபது வருஷத்துக்கு இதே மூஞ்சிதான்” என்றாய். அந்த இருபது வருஷம் முடிந்துவிட்டது. நீ போயும் ஏழு மாதமாகிறது.

அப்போது எலெக்ட்ரானிக் சிட்டி ஆபீஸில் நம் இருவருக்கும் அடுத்தடுத்த இருக்கை. நீ விவேக் நகரிலிருந்து வருவாய், நான் அல்சூரிலிருந்து. உனக்கு லைசென்ஸ் வந்து ஒரு மாதம்கூட ஆகவில்லை. அதற்குள் எனக்கும் சொல்லிக்கொடுத்தே தீருவேன் என்று பிடிவாதம். எனக்கு எல்எல்கூட, ஓட்டிப் பழகுவதற்கான அந்தத் தற்காலிக லைசென்ஸ்கூட, இன்னும் கைக்கு வரவில்லை. “ஞாயித்துக்கெழம அந்தப் பக்கம் ஒரு ஈ காக்கா இருக்காது, வா” என்று உன் அண்ணனின் மாருதியை எடுத்துக்கொண்டு வந்தாய். ஆபீஸுக்குப் பின்னால், கட்டடம் எழும்பாத மனைகளுக்கு நடுவே போகும் அகலமான சாலை. முதல் இரண்டு ஞாயிறு வண்டி குலுங்கிக் குலுங்கி நின்றதைத் தவிர வேறொன்றும் நடக்கவில்லை.

மூன்றாவது ஞாயிறு, வளைவிலிருந்து ஒருவர் சைக்கிளில் வந்தார். இரவு வேலை முடிந்து போய்க்கொண்டிருந்த செக்யூரிட்டி. நீலச் சட்டை, ஹேண்டில்பாரில் சாப்பாட்டுப் பை. தூரத்திலேயே பார்த்துவிட்டேன். பிரேக் என்று நினைத்துத்தான் மிதித்தேன். வண்டி சீறிக்கொண்டு முன்னே பாய்ந்தது. நீ கையால் ஸ்டீயரிங்கைப் பிடித்துத் திருப்பியிராவிட்டால் என்ன ஆகியிருக்கும் என்று நினைக்க இன்றும் துணிவில்லை. பம்பர் இடித்து அவர் சைக்கிளோடு பள்ளத்தில் விழுந்தார்.

நான் ஸ்டீயரிங்கை விடாமல் உட்கார்ந்திருந்தேன். நீ சுற்றி ஓடி வந்து என் பக்கக் கதவைத் திறந்து, என்னை வெளியே இழுத்து, சாவியை உருவிக்கொண்டாய். “உனக்கு எல்எல்கூட இல்ல. எங்கிட்ட லைசென்ஸ் இருக்கு. நீ வாயத் தொறக்காத” என்றாய். அதற்குள் வளைவுக்கு அப்பாலிருந்த டீக்கடைப் பக்கமிருந்து நாலைந்து பேர் ஓடி வந்துவிட்டார்கள். ஒருவர் கன்னடத்தில், “யாரு ஓடிஸ்தித்தித்து?” என்று, ஓட்டியது யார் எனக் கேட்டார்.

“நானே” என்றாய்.

சைக்கிளில் வந்தவருக்கு வலது மணிக்கட்டு முறிந்திருந்தது. நம் வண்டியிலேயே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். அங்கே கொடுத்த சீட்டில், ஓட்டியவர் பெயர் என்று கேட்டிருந்த இடத்தில் உன் பெயரை எழுதினாய். நான் அவருடைய சாப்பாட்டுப் பையை மடியில் வைத்துக்கொண்டு பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். அவர் புகார் எதுவும் கொடுக்கவில்லை. வைத்தியச் செலவை உன் அண்ணன் பார்த்துக்கொண்டார்.

கட்டுப் பிரிக்கும்வரை வாராவாரம் அவர் வீட்டுக்குப் போனோம். ஓசூர்ப் பக்கத்துக் குடும்பம், ஒற்றை அறை. முதல் நாள் அவர் மனைவி உன்னை உட்காரக்கூடச் சொல்லவில்லை. “ஓட்டத் தெரியலன்னா எதுக்குமா வண்டிய எடுக்கற? அந்தக் கையாலதான அவரு சோறு திங்கணும்? நாந்தான் ஊட்டறேன், கொழந்தைக்கு ஊட்டற மாதிரி” என்றார். நீ தலையைக் குனிந்து கேட்டுக்கொண்டாய். “தப்புதாங்க்கா” என்றாய். பிறகு அந்த அம்மா என்னிடம் திரும்பி, “நீயாச்சும் சொல்லக் கூடாதாம்மா இவளுக்கு?” என்றார். உண்மை என் வாய்வரைக்கும் வந்தது. உன் கால் என் காலை மிதித்தது.

வெளியே வந்ததும் உன்னிடம் அழுதேன். “இப்பப் போய் சொன்னா ரெண்டு பேரும் பொய் சொன்னவங்க. விடு” என்றாய். அதோடு நிற்கவில்லை. அல்சூரில் ஒரு டிரைவிங் ஸ்கூலில் என்னைக் கொண்டுபோய்ச் சேர்த்தாய். “பயம் அதுபாட்டுக்கு இருக்கட்டும். பிரேக் எதுன்னு கால் தெரிஞ்சுக்கிட்டா போதும்” என்றாய். வகுப்பில் சைக்கிள் மணி கேட்டாலே வண்டியை ஓரங்கட்டி நிறுத்திவிடுவேன்.

டெஸ்ட் அன்று அரை நாள் லீவு போட்டுவிட்டு நீயும் வந்தாய். மேட்டில் வண்டியை நிறுத்தி, பின்னால் சரியாமல் எடுக்கச் சொன்னார் இன்ஸ்பெக்டர். கிளட்சை மெதுவாக விட்டேன். வண்டி பின்னால் போகவில்லை. இறங்கி வந்து உன் தோளில் சாய்ந்தபோதுதான் உன் துப்பட்டா முனை முழுக்க முறுக்கிச் சுருண்டிருந்ததைப் பார்த்தேன்.

உன் அண்ணன் அதற்கப்புறம் உன்னை வண்டியைத் தொட விடவில்லை. நீயும் கேட்கவில்லை. நான் கார் வாங்கிய பிறகு எத்தனையோ முறை ஓட்டச் சொன்னேன். “உன் பக்கத்துல உக்காந்து வர்றதுதான் சுகம்” என்பாய். ஆனால் குறுக்கே யாராவது வந்தால் பிரேக்கே இல்லாத இடத்தில் உன் வலது கால் தரையை அழுத்தும். நான் பார்க்காத மாதிரி இருப்பேன்.

உன் முப்பதாம் நாள் பூசை முடிந்து எல்லோரும் உன் வீட்டில் உட்கார்ந்திருந்தோம். உன் அண்ணன் சொந்தக்காரர் யாரிடமோ, “எல்லாத்துலயும் கெட்டிக்காரி. வண்டி மட்டும் வரல. ஒரு தடவ ஒரு ஆள இடிச்சுட்டா” என்று சொல்லிச் சிரிக்கப் பார்த்தார். குரல் உடைந்தது.

“அன்னைக்கி ஓட்டினது நான், அண்ணா” என்றேன்.

கோபப்படுவார் என்று நினைத்தேன். “கடைசி வரைக்கும் அவளுக்கு ஓட்டத் தெரியாதுன்னே சொல்லிக்கிட்டு இருந்துட்டேனேம்மா” என்றார். எழுந்து உள்ளே போய்விட்டார்.

அவரிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டதாக நினைத்துத்தான் அன்று வீட்டுக்கு வந்தேன். ஒன்று மட்டும் மீதமிருக்கிறது. அந்த மனிதர் பள்ளத்தில் கையைப் பிடித்துக்கொண்டு முனகிக்கொண்டிருந்தார். நீ “நானே” என்று சொன்னாய். அப்போது எனக்கு முதலில் வந்தது வெட்கமும் இல்லை, பரிதாபமும் இல்லை. நிம்மதி. அப்பாடா என்று மூச்சு விட்டேன். உனக்கு அது கேட்டிருக்குமோ என்பதுதான் இருபது வருஷமாக என் பயம்; உன்னைத் தவிர வேறு யாரிடம் கேட்பேன்?