மூன்றாம் பூவருகே ஒரு நகத்தடம்

மேடம்,

இன்று காலை பட்டறையைத் திறந்ததும் புதுத் தோல் ஒன்றை ஸ்பாஞ்சால் நனைத்து வைத்தேன். அந்த வாசனை எழுந்ததும் உங்கள் நினைவு வந்துவிட்டது. மழையில் நனைந்த சாக்கு மாதிரி இருக்கிறது என்பீர்கள். முதல் வருஷம் மூக்கைச் சுளித்துக்கொண்டு சொன்னீர்கள், பிறகு சுளிக்காமல் சொன்னீர்கள். கரோல் பாக்கில் இந்த இரண்டாம் மாடி அறைக்கு மூச்சு வாங்க ஏறி வந்து, அதைச் சொல்லிவிட்டுத்தான் உட்காருவீர்கள்.

மதியம் உங்கள் மகள் வருகிறாள். நீங்கள் கண்ணை மூடி மூன்று மாதம் கழித்து நேற்றுதான் போன் செய்தாள். "ஆன்ட்டி, அம்மா கையால பண்ணது ஏதாவது உங்க கிட்ட இருக்கா?" என்று தமிழில் ஆரம்பித்து, மீதியை ஹிந்தியில் அழுதாள். நீங்கள் வரைந்த தாள்கள் ஒரு ஃபைல் நிறைய இருக்கின்றன. அவற்றைத் தருவதில் எனக்குக் கஷ்டமில்லை, எல்லாவற்றுக்கும் நகல் வைத்திருக்கிறேன். ஆனால் பீரோவில் ஒரு பையின் மூடி இருக்கிறது, சரக்கொன்றை செதுக்கியது. அதற்கு ஏது நகல்? அதைத் தருவதா, ஒன்றும் தெரியாதவள் மாதிரி இருந்துவிடுவதா என்று காலையிலிருந்து புழுங்கிக்கொண்டிருக்கிறேன். அதனால்தான் உங்களுக்கே எழுதுகிறேன்.

அறுந்துபோன ஆபீஸ் பையின் வாரைத் தைத்துக்கொள்ளத்தான் நீங்கள் முதலில் வந்தீர்கள். நான் தைத்து முடிக்கும்வரை சும்மா இருக்காமல், செய்தித்தாளின் ஓரத்தில் பேனாவால் ஒரு மந்தாரைப் பூவைப் போட்டீர்கள். அதே வாரம்தான் பை வாங்கும் கடைக்காரர் என் பைகளைத் திருப்பி அனுப்பியிருந்தார். "சப் துகான் மே யஹீ குலாப் ஹை, பெஹன்ஜி. நயா ஃபூல் லாவோ" என்று சொல்லியிருந்தார். எல்லாக் கடையிலும் இதே ரோஜாதான், புதுப் பூ கொண்டுவா என்று அவர் சொன்னதும் சரிதான். எல்லாப் பட்டறைக்காரர்களும் ஒரே படத்தை வைத்துக்கொண்டு அதே ரோஜாவை, அதே சுருள் கொடியைத் தோலில் கொத்திக்கொண்டிருந்தோம். எனக்குக் கத்தி பிடிக்கத் தெரியும், பென்சில் பிடிக்கத் தெரியாது. வெட்கத்தை விட்டுக் கேட்டேன். "டெய்லி கண்ணுல படற பூவைத்தான் வரைவேன், பரவாயில்லையா?" என்றீர்கள்.

அப்படித்தான் நம் சனிக்கிழமைகள் ஆரம்பித்தன. லோதி ரோட்டில் ஆபீசுக்கு நடந்து போகும்போது மரத்தடியில் கிடந்த பூக்களை டிபன் டப்பாவின் மூடியில் பொறுக்கி எடுத்துவருவீர்கள். "உதிர்ந்ததைத்தான் எடுத்தேன், பறிக்கலை" என்பீர்கள், நான் ஏதோ தோட்டத்து அதிகாரி மாதிரி. இலவம்பூ, மந்தாரை, வேப்பம்பூ என்று ஒவ்வொன்றாக வந்தது. தாளில் அழகாக இருப்பது தோலில் நிற்காது என்று நான் சண்டை போடுவேன். மயிரிழை மாதிரிக் காம்பு வரைவீர்கள். காம்புக்கு இரண்டு பக்கமும் கத்தி போக வேண்டும், இடையில் சதை வேண்டும் என்பேன். இரண்டு இதழ் ஒன்றன்மேல் ஒன்று விழுந்தால், எது மேலே எது கீழே என்று தெரியாமல் எதைத் தட்டி அமுக்குவது என்பேன். "இன்னா மேடம், பூ காத்துல தொங்குது, கொடி எங்க?" என்று நான் கேட்டால், கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி அழிப்பீர்கள். கோப்புகளில் நோட்டிங் எழுதியே பழகிய கை, ஒரு பூவை ஒன்பது தடவை அழித்தாலும் அலுக்காது.

ஆனால் ஒன்று மட்டும் என்னை அரித்துக்கொண்டே இருந்தது. நீங்கள் தோலைத் தொட மாட்டீர்கள். தாளைத் தோலின்மேல் வைக்க வேண்டுமானால் ஸ்கேல் நுனியால் தள்ளுவீர்கள். முடிந்த பையைக் கொடுத்தால், "அங்கேயே வைங்கோ, பாக்கறேன்" என்பீர்கள். தோல் வேலைக்காரர் வீட்டில் ஒரு வாய்த் தண்ணீர் வாங்கிக் குடிக்காதவர்களைப் பார்த்து வளர்ந்தவள் நான். ஆம்பூரை விட்டு டெல்லிக்கு வந்து இருபது வருஷம் ஆகியும் அந்தப் பார்வையை மறக்கவில்லை. உங்கள் பூ வேண்டும் என்பதற்காக வாயை மூடிக்கொண்டிருந்தேன். நீங்கள் போனபின் சுத்தியலைக் கொஞ்சம் பலமாகவே போடுவேன். இப்படி நான்கு வருஷம்.

அந்த மே மாதம் சரக்கொன்றை கொண்டுவந்தீர்கள். அது தொங்கும் பூ. மற்றக் கொடிகள் மேலே ஏறும், இதை மேலிருந்து கீழே இறக்க வேண்டும். மேலே விரிந்த பூ, கீழே வரவர மணிமணியாக மொட்டு. இப்படி ஒன்றை எந்தப் படத்திலும் நான் பார்த்ததில்லை. ஐந்து வாரம் வரைந்தீர்கள். ஆறாவது வாரம் தோலை நனைத்து, படத்தை ஏற்றி, இரண்டு பூவை முடித்து மூன்றாவதில் தட்டிக்கொண்டிருந்தேன். மேலே நிற்க வேண்டிய இதழை நான் அமுக்கப் போனேன்.

"அது இல்லை, இது" என்று சட்டென்று விரலை வைத்துவிட்டீர்கள்.

"தொடாதீங்க" என்று கத்தினேன்.

ஈரத் தோலில் எது பட்டாலும் பதிந்துவிடும். பூவின் காம்பருகே உங்கள் விரல் நகம் பிறை மாதிரி இறங்கியிருந்தது. நீங்கள் கையை இழுத்து மடியில் வைத்துக்கொண்டீர்கள். நான்கு வருஷமாகத் தொடவில்லையே என்று மனசுக்குள் பொருமிய நான், தொட்ட அன்றைக்குக் கத்தினேன். என் புத்தியை எதால் அடிப்பது.

ஆத்திரத்தில் உள்ளே இருந்ததும் வந்துவிட்டது. "நாலு வருஷமா ஸ்கேலால தள்றீங்களே, இன்னைக்கு மட்டும் எப்படி மேடம் தொட மனசு வந்துச்சு?" என்று கேட்டேன்.

நீங்கள் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தீர்கள். பிறகு, "முதல் நாள் நான் கையை நீட்டினப்போ நீங்க இப்படித்தான் தொடாதீங்கன்னு சொன்னேள். ஈரமா இருந்திருக்கும்" என்றீர்கள். எனக்கு அது நினைவே இல்லை. அத்தோடு நீங்கள் நிறுத்தியிருந்தால் நான் மன்னிப்புக் கேட்டிருப்பேன், விஷயம் முடிந்திருக்கும். நீங்கள் நிறுத்தவில்லை.

"ஆனா அதுதான் காரணம்னு சொன்னா பொய். நீங்க அப்படிச் சொன்னது எனக்குச் சௌகரியமா இருந்தது. அப்போ ஆத்துல மாமியார் இருந்தா, கேட்டா பதில் சொல்லணும்னு முதல்ல நினைச்சேன். அவா போய் ரெண்டு வருஷம் ஆச்சு. அப்புறமும் கை வரலை. தப்பு என்னோடதுதான்."

இந்த வயதுக்கு என்னிடம் இப்படி ஒருவரும் சொன்னதில்லை. எத்தனையோ பேர் நன்றாகப் பேசியிருக்கிறார்கள், பழையதை மறந்துவிடு என்றிருக்கிறார்கள். தப்பு என்னுடையது என்று ஒருவரும் சொன்னதில்லை. எனக்கு அழுகை வந்தது; டீ போடப் போவதாகச் சொல்லி எழுந்துவிட்டேன். அன்று எங்கள் டம்ளரில் குடித்தீர்கள். சர்க்கரை அதிகம் என்று குறையும் சொன்னீர்கள்.

"அந்தத் தோலைத் தூக்கிப் போட்டுடுங்கோ" என்றீர்கள். மறுபடி நனைத்து, கரண்டி முதுகால் தேய்த்தால் அந்தப் பள்ளத்தைப் பாதியாவது மறைத்திருக்கலாம். நான் தேய்க்கவில்லை. அந்தப் பூவை உங்கள் சொல்படி முடித்து, பிறையை அப்படியே விட்டு, பீரோவில் வைத்தேன். வேறு தோலில்தான் கடைக்குச் செய்துகொடுத்தேன். அதற்குப் பின் ஏழு வருஷம் எத்தனையோ பைகளைத் தடவிப் பார்த்தீர்கள். காய்ந்த தோல் எதையும் வாங்கி வைத்துக்கொள்ளாது. உங்கள் கை தங்கியிருப்பது அந்த ஒன்றில்தான்.

காலையில் இதுவரை எழுதினேன். இப்போது சாயங்காலம். உங்கள் மகள் வந்துவிட்டுப் போய்விட்டாள்.

ஃபைலைக் கொடுத்தேன். ஒவ்வொரு தாளாகப் புரட்டினாள். ஓரத்தில் நீங்கள் தமிழில் எழுதியிருந்த குறிப்புகளை அவளால் படிக்க முடியவில்லை. நான் படித்துச் சொன்னேன். 'காம்பு தடிமன் போதாது, திட்டு வாங்கினேன்' என்று ஒன்றில் இருந்தது. இரண்டு பேரும் சிரித்தோம். அதற்கப்புறம் பீரோவைத் திறக்காமல் இருக்க என்னால் முடியவில்லை. மூடியை எடுத்து மேசையில் வைத்து, எல்லாவற்றையும் சொன்னேன். நான் கத்தியது, நீங்கள் சொன்னது, ஒன்றையும் விடவில்லை.

அவள் பிறையைப் பார்த்தபடி நின்றாள். விரல் அதன் பக்கத்தில் வந்து நின்றுவிட்டது. "சூ லூங், ஆன்ட்டி? தொடலாமா?" என்று கேட்டாள்.

"தொடும்மா. காஞ்சதுதான்" என்றேன்.

நீங்கள் வைத்த இடத்தில் அவள் நகத்தை வைத்தாள், நெடுநேரம் எடுக்கவில்லை. போகும்போது மூடியைத் துணியில் சுற்றி அவள் பையில் நானே வைத்தேன். பீரோவில் அந்தத் தட்டு இப்போது காலியாக இருக்கிறது. வலிக்கத்தான் செய்கிறது மேடம், இல்லை என்று சொல்ல மாட்டேன்.

காலையில் நனைத்த தோல் காய்ந்துவிட்டது. நாளைக்கு மறுபடி நனைக்க வேண்டும். யாராவது மேலே வருவார்கள், கையை நீட்டுவார்கள். உங்களிடம் கத்திய நாளுக்குப் பிறகு 'தொடாதீங்க' என்று நான் யாரிடமும் சொன்னதில்லை. "ஈரமா இருக்கு, கொஞ்சம் இருங்க. காஞ்சதும் நானே உங்க கையில தர்றேன்" என்றுதான் சொல்கிறேன்.