சீமைப் படிப்பும் மூன்று ஓலையும்

1946 ஜூன் 2, ஞாயிறு

கச்சான் காற்று. வாயெல்லாம் மண். மாதா கோயிலில் பூசை முடிவில் பங்குச் சாமியார் கல்யாண ஓலை வாசித்தார். மூன்று ஞாயிறு வாசித்து, யாரும் தடை சொல்லாவிட்டால் கல்யாணம். இன்றைய பெயர்களில் மூன்றாவதாக என் பெயர். மாப்பிள்ளைக்குக் கொழும்பில் கடை. வீட்டில் யாரும் என்னிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. பக்கத்தில் அம்மா, முக்காட்டைச் சரிசெய்தபடி.

அக்டோபரில் சீமையில் கல்லூரி. உபகாரச் சம்பளம் உறுதியாகிவிட்டது. அப்பாவுக்கு எல்லாம் தெரியும்.

ஜூன் 4, செவ்வாய்

செய்ய வேண்டியவை: கம்பளிச் சட்டை விசாரிக்க. பாஸ்போர்ட்டுக்குப் படம். அப்பாவிடம் பேச.

கடைசியை மட்டும் செய்தேன். அப்பா தோணிக்குக் கிளம்பிக்கொண்டிருந்தார். "ஏளா, நம்ம கடல்ல கெடக்க சிப்பியைப் படிக்க சீமைக்குப் போவணுமாக்கும்? தோணியில ஏறு, நானே காட்டுதேன்."

நியாயமான கேள்வி. அதனால்தான் இத்தனை எரிச்சல். பதில் மீன் அறுக்கும்போதுதான் வந்தது. சிப்பி நம்முடையது, அதைப் பற்றிய புத்தகமெல்லாம் அங்கே. என் கல்லூரியில் ஒரே மைக்ராஸ்கோப். என் முறை வருவதற்குள் மணி அடித்துவிடும். முத்துப் பாரில், அந்தக் கடலடிப் பாறைத் திட்டில், சிப்பி ஏன் அற்றுப்போகிறது என்று கேட்டால், ஊரில் கடவுள் சித்தம் என்கிறார்கள். எனக்கு அது போதவில்லை.

ஜூன் 9, ஞாயிறு

இரண்டாம் ஓலை. தலைவலி. கோயில் வாசலில் அத்தை: "கொழும்பும் வெளிநாடுதானளா. கடல் தாண்டித்தான போற."

சிரித்துவிட்டேன். சாயங்காலத்துக்குள் தெரு முழுக்கச் செய்தி, பொண்ணு சிரிச்சிட்டா, அவளுக்குச் சம்மதம்தான் என்று. இனி இந்த ஊரில் சிரிக்கக் கூடாது.

ஜூன் 13, வியாழன்

சாமியாரைப் பார்க்கப் போனேன். தனியாக.

"தடை தெரிஞ்சவங்க சொல்லணும்னு வாசிக்கியளே சாமி, எனக்கு ஒண்ணு தெரியும்."

"என்ன தடை?"

"பொண்ணுக்குச் சம்மதமில்ல."

"உங்கப்பா சம்மதம்னுல்லா சொன்னாரு."

"கல்யாணம் அப்பாவுக்கா சாமி?"

அவர் சிரிக்கவில்லை. மூன்றாம் ஓலை வாசிக்க மாட்டாராம். அப்பாவிடம் அவரே சொல்லிவிடுவாராம். வீட்டுக்கு வரும்வரை அழுதேன், கோபத்தில்தான்; அப்பா கேட்காததைச் சாமியாரிடம் போய்ச் சொல்ல வேண்டியிருந்ததே என்று.

ஜூன் 16, ஞாயிறு

காற்று நின்றுவிட்டது. புழுக்கம். மற்றவர்கள் பெயர்கள் மட்டும் வாசிக்கப்பட்டன. ஆளாளுக்குத் திரும்பிப் பார்த்தார்கள். அப்பா பாதியிலேயே எழுந்து வெளியே போனார். சாப்பாட்டுக்கு வரவில்லை. சாமியார் சொன்ன நாள் முதல் என்னிடம் பேச்சில்லை.

அம்மா சோறு போட்டாள். "நெனச்சதச் சாதிச்சிட்ட. இனி சீமைக்குக் கெளம்பும்போது ஸ்டேஷன் வரைக்கும் ஒன்கூட யாருளா வருவா?"

இதை மட்டும் நான் யோசிக்கவே இல்லை.