சரளைச் சாலையில் ஒரு சோதனை ஓட்டம்

பாப்பாவின் அம்மாவுக்கு,

நான் நலம். உன் முதுகுவலி தேவலையா? அப்பா வேளைக்கு மாத்திரை போடுகிறாரா?

போன வாரம் எங்கள் பட்டறைக்கு ஓய்வு பெற்ற வாத்தியார் ஒருவர் வந்தார். அட்வென்ச்சர் பைக்கில் தனியாக மலையெல்லாம் சுற்றப் போகிறாராம்.

"இன்ஜினை டியூன் பண்ணி இன்னும் வேகம் ஏத்துங்க" என்றார்.

"இருக்கிற வேகமே போதும் சார். மூட்டை ஏத்தினா வண்டி உக்காந்துடும். முதல்ல சஸ்பென்ஷனை மாத்துங்க, இன்ஜினுக்குக் காப்புக் கம்பி போடுங்க" என்றேன்.

மனிதர் ஒப்புக்கொண்டார். இரண்டையும் செய்து கொடுத்தேன். இன்ஜினை, மெதுவாகப் போகும்போது திக்காமல் இழுக்கிற மாதிரி மட்டும் டியூன் செய்தேன்.

சோதித்துப் பார்க்கச் சரளைச் சாலைக்கு ஓட்டிப் போனேன். ஒரு வளைவில் வண்டி சறுக்கிப் படுத்துவிட்டது. பயப்படாதே, முழங்கையில் சிராய்ப்புதான். கம்பி தாங்கியதால் வண்டிக்கும் ஒன்றுமில்லை. ஆனால் வலிக்கிற கையோடு இருநூறு கிலோவைத் தூக்க முடியவில்லை. ஒரு மணி நேரம் பக்கத்திலேயே உட்கார்ந்து, பாப்பா பள்ளிக்கூடம் சேர்ந்த கதையை வண்டியிடம் சொல்லிக்கொண்டிருந்தேன்.

அந்த வழியே நடந்து வந்த சாலைப் பணியாளர் ஒருவர் தூக்கிவிட்டார். பிறகு சுற்றுமுற்றும் பார்த்தார்.

"கூட வந்தவர் எங்கங்க?"

"யாரும் வரலைங்க."

"பேச்சுச் சத்தம் கேட்டுச்சே?"

சிரித்து மழுப்பிவிட்டேன்.

அலமாரியில் இருக்கும் என் தடித்த கையுறையை அனுப்பி வை. இன்னொன்று. பேச ஒன்றுமில்லை என்று போனை வைத்துவிடாதே. சமைக்கும்போது கட் பண்ணாமல் அடுப்பு மேடையில் அப்படியே வைத்துவிட்டு உன் வேலையைப் பார். பாத்திரச் சத்தம் கேட்டால் போதும்.

முதலாளி கூப்பிடுகிறார்.

உன் வீட்டுக்காரன்