காலரில் அரை அங்குலம்

அன்புள்ள வாலுக்குட்டிக்கு,

அப்பா எழுதுவது. நீயும் மாப்பிள்ளையும் சுகமாக இருக்க வேண்டும் என்பதுதான் கண் விழித்ததும் எனக்கு வரும் முதல் நினைப்பு. என் உடம்புக்குக் குறைவில்லை, முழங்கால் மட்டும் தையல் மிஷினோடு ஒத்துப்போக மாட்டேன் என்கிறது. வீட்டில் பேச ஆள் இல்லாமல் ரேடியோவிடம் பேசுகிறேன், எதிர்த்துப் பேசாது என்பதுதான் அதன் குறை. உன் அம்மா போனபின் இந்த வீடு எனக்கு ரொம்பப் பெரிசு.

போன வாரம் மாப்பிள்ளை போனில், அவ முன்ன மாதிரி இல்ல மாமா, பகல்லயே படுத்துக்கிறா, ஒரு வார்த்தை சொன்னா அழறா, சோம்பலா வேஷமான்னே தெரியல என்றார். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. இதையே உன் அம்மாவிடம் நான் சொல்லியிருக்கிறேன். வெயில் காலத்திலும் போர்வை கேட்பாள், அடுப்பு அணைந்தது தெரியாமல் நிற்பாள், மனசு வெச்சா எல்லாம் முடியும் என்று கத்துவேன். எண்ணெய் வற்றிய மிஷினை வைத்துக்கொண்டு நூலைத் திட்டியவன் நான். கடைசியில் ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா, கழுத்துல இருக்கிற தைராய்டு சுரப்பி பல வருஷமா சரியா வேலை செய்யல, அது சோர்ந்தா மனசும் சேர்ந்து சோர்ந்துடும், முன்னமே பார்த்திருந்தா தினம் ஒரு மாத்திரை போதும் என்றார். அதற்குள் அவள் இதயம் தளர்ந்துவிட்டது.

உன்னிடம் சொல்லாத ஒன்று. ரவிக்கைக் காலர் இறுக்குது என்று அவள் சொன்னாள், அரை அங்குலம் கூட்டித் தைத்தேன். அடுத்த வருஷமும் அரை அங்குலம். ஊரார் கழுத்தையெல்லாம் அளந்தவன், கட்டினவள் கழுத்து ஏன் பருக்கிறது என்று கேட்கவில்லை. அந்த வெட்கம் என்னை விடவில்லை அம்மா.

புதுக் காலர் ரவிக்கைக்காக நீ அனுப்பிய அளவுச் சீட்டை நேற்று என் பழைய அளவு நோட்டோடு ஒத்துப் பார்த்தேன். தோள், இடுப்பு எல்லாம் அப்படியே. கழுத்து மட்டும் அரை அங்குலம் கூடுதல். டேப்பை நீ தளரப் பிடித்திருக்கலாம், உன் அப்பா பயந்தாங்கொள்ளி என்று சிரி, ஆனால் சிரித்துக்கொண்டே போய் ரத்தப் பரிசோதனை செய்துகொள். ரத்தத்தில் ஒன்றும் இல்லை என்றாலும் அழுகையையும் டாக்டரிடம் சொல், அது குணக்கேடு இல்லை. மாப்பிள்ளைக்கும் இந்தக் கடிதத்தைப் படித்துக் காட்டு.

நோய் நொடி அண்டாமல் நீங்கள் இருவரும் நிறைவாக வாழ வேண்டும். பரிசோதனை முடிவு வந்ததும் எழுது, மறந்துவிடாதே. உன் ரவிக்கைக்கான நீலத் துணி மேசையில் விரித்தபடி இருக்கிறது. முதுகும் கையும் வெட்டிவிட்டேன். காலரை வெட்டவில்லை. இந்த முறை கேட்காமல் வெட்ட மாட்டேன்.

உன் பதிலுக்குக் காத்திருக்கும்
அப்பா