கறுப்புப் பட்டைகளை அழித்தவர்

அனுப்புநர்
ஐரீன் பாசராபா, எம்.எஸ்சி.,
இயற்பியல் ஆசிரியை,
ஸ்டிரை ஏரி, மானிடோபா.

பெறுநர்
இயக்குநர் அவர்கள்,
மாகாண மரபுச் சின்னங்கள் துறை,
வின்னிபெக்.

பொருள்: குடும்பக் கொடையான விமானத்தை உருமாற்றி, தடயத்தை வெட்டியெடுத்த காட்சியகத் தலைவர் திரு. ரஸ்ஸல் டன்ஃபி மீது நடவடிக்கை கோருதல்.

மதிப்பிற்குரிய ஐயா,

1. எங்கள் ஊர்க் காட்சியகத்தில் வரும் ஜூன் மாதம் தாங்கள் திறந்துவைக்கவிருக்கும் போலிங்புரோக் விமானம் என் குடும்பம் கொடுத்தது. பிரிட்டிஷ் வடிவமைப்புக்கு உரிமம் பெற்று கியூபெக்கில் கட்டிய இவ்விமானங்களில் சில கடலோரக் காவல் சுற்றின. பல, சுடக் கற்பித்தன. இன்னும் சில, பயிற்சிக்காரர்கள் சுடுவதற்காக நீண்ட கயிற்றில் துணிக்குழலை இழுத்துச் சென்றன. எங்களுடையது இழுவை வகை. அதன் மஞ்சள் உடலில் கறுப்புப் பட்டைகள் இருந்தன. என்னைச் சுடாதே, பின்னால் வருவதைச் சுடு என்பதே அவற்றின் பொருள்.

2. என் தந்தை மிக்கைலோ பாசராபா அதில் கயிற்றுச் சுருளை இயக்கியவர். 1943 மே மாதம் வானிலேயே குண்டு பாய்ந்து இறந்தார். எனக்கு அப்போது இரண்டு வயது. இருக்கையை விட்டு எழுந்தது அவருடைய கவனக்குறைவு என்று விசாரணையை முடித்தார்கள். சுட்டது யார் என்று கேட்கவில்லை. என் தாயார் சாகும்வரை ‘கவனக்குறைவு’ என்ற சொல்லைச் சுமந்தார்.

3. போர் முடிந்ததும் இவ்விமானங்கள் பண்ணைக்காரர்களுக்கு விற்கப்பட்டன. அக்கம்பக்கத்தார் சக்கரங்களை வண்டிக்கு மாட்டினார்கள், உடலைக் கோழிக்கூண்டாக்கினார்கள். என் சித்தப்பா மட்டும் அண்ணன் இறந்த விமானத்தையே தேடி வாங்கி, ஓர் ஆணியும் கழற்றாமல் வயலில் நிறுத்தினார். பட்டைகளை அழிக்கக்கூடாது என்ற நிபந்தனையில்தான் அதைக் காட்சியகத்துக்குக் கொடுத்தோம்.

4. துணியில் பட்டது யாருடைய குண்டு என்று அறிய, ஒவ்வொரு மாணவனின் குண்டுமுனையும் ஒவ்வொரு நிறச் சாயத்தில் தோய்க்கப்படும். சென்ற ஆகஸ்டில், காட்சியகத் தொண்டர்கள் இருவர் முன்னிலையில், விமானப்படையினர் அடித்திருந்த ஒட்டுத்தகட்டைக் கழற்றினேன். உள்ளே இருந்த துளையின் விளிம்பில் பச்சைச் சாயம் இருந்தது. புகைப்படம் இணைத்துள்ளேன்.

5. திரு. டன்ஃபி, என் தந்தை பணியாற்றிய அதே விமானப்படைப் பயிற்சி நிலையத்தில் சுடக் கற்றவர். தேவாலய நிலவறையில் நடக்கும் இலையுதிர்கால விருந்தில் ஆண்டுதோறும் ஒரே வேடிக்கையைச் சொல்வார்: "நாப்பத்திமூணு மே மாசம் எங்க வகுப்புல பச்சை நான்தான். கீழ வந்த துணியப் பாத்துட்டு, கீரைப்பாத்தி போட்டிருக்கியாடான்னாரு வாத்தியாரு." எல்லோரும் சிரிப்பார்கள். நானும் சிரித்திருக்கிறேன். சென்ற அக்டோபரில் சிரிக்காமல், துளையைப் பற்றிக் கேட்டேன். அவர் சொன்னது: "போர்னா நாலும் நடக்கும், டீச்சர். கோஸ் சுருள் ஆறிடப்போவுது, சாப்பிடுங்க."

6. குளிர்காலம் முடிந்து போய்ப் பார்த்தபோது துளையிருந்த பகுதி வெட்டப்பட்டு, புதுத்தகடு பொருத்தப்பட்டிருந்தது. உடல் முழுவதும் சாம்பல் நிறம்; முதுகில், இழுவை விமானத்துக்கு இல்லாத துப்பாக்கிக் கூண்டு. நீர்மூழ்கிகளை வேட்டையாடிய கடற்காவல் விமானம் என்று பலகை. எங்கள் கோதுமை வயல்களில் நீர்மூழ்கி வந்ததாக நான் அறியேன். காரணம் கேட்டதற்கு, "கயிறு இழுக்குற வண்டியப் பாக்க எவன் டிக்கெட் வாங்குவான்?" என்றார். வெட்டிய தகடு எங்கே என்றேன். "குப்பைக்குப் போயிருக்கும். உங்கப்பாவையே இன்னும் எத்தன நாளைக்குப் பேசுவீங்க?" என்றார்.

7. பச்சை ஒன்றே முழுச் சான்றாகாது என்பதை அறிவேன். வேறு வகுப்புகளிலும் பச்சை இருந்திருக்கும். ஆனால் அதை வெட்டியெடுக்கும் அவசியம் வேறு யாருக்கும் இருக்கவில்லை. பத்தொன்பது வயதில் தவறிச் சுட்டதற்காக அவரைத் தண்டிக்கும்படி நான் கேட்கவில்லை. அறுபத்தைந்து வயதில் கத்தரித்ததற்காகக் கேட்கிறேன்.

8. ஆகவே, அந்தத் தகடு எங்கே என்று அவரைத் தாங்களே விசாரிக்க வேண்டும். சாம்பல் பூச்சைச் சுரண்டிப் பட்டைகளைத் திரும்பத் தீட்டும் செலவு அவரைச் சார வேண்டும். அவரைப் பதவிநீக்கம் செய்ய வேண்டாம்; வீட்டில் போய் ஒளிந்துகொள்வார். என் தந்தை எப்படி இறந்தார் என்பதைத் திறப்பு விழாவில், ஊர் முன்னிலையில், அவரே எழுந்து வாசிக்க உத்தரவிடுங்கள்.

மறுத்தால் விமானத்தை எங்களிடமே திருப்பித் தரச் சொல்லுங்கள். சாலைக்கு அந்தப்புறம், திரு. டன்ஃபியின் சமையலறைச் சன்னலுக்கு நேர் எதிரே எங்கள் நிலம் இருக்கிறது. அங்கே நிறுத்திக்கொள்கிறேன். பட்டைகளை நானே தீட்டுவேன்.

தங்கள் உத்தரவை எதிர்நோக்கும்,
ஐரீன் பாசராபா
(மிக்கைலோ பாசராபாவின் மகள்)

இடம்: ஸ்டிரை ஏரி
நாள்: 3 ஏப்ரல் 1989